போர் விமானம் பொறித்த நினைவு நாணயங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நாணயச் சேகரிப்பு குறித்துச் சென்ற சில மாதங்களில் வந்த கடிதங்களில், போர் விமானங்கள் பொறித்த நினைவு நாணயங்களைப் பற்றிய கேள்விகள் மிகுதியாக இருந்தன. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களிலிருந்து வந்தவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன்.

கேள்வி: நான் தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் சுகோய் விமானங்கள் பறப்பது தெரியும். விமானப்படை தொடர்பான நாணயங்களைச் சேர்க்க விரும்புகிறேன். கையில் அதிகப் பணம் இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?
– ஒரு மாணவர், தஞ்சாவூர்

பதில்: இரண்டு ரூபாயிலிருந்து தொடங்குங்கள். இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்று நிறுவப்பட்டது. அதன் எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவையொட்டி 2007இல் இந்திய அரசு இரண்டு ரூபாய் நினைவு நாணயம் ஒன்றை வெளியிட்டது. துருப்பிடிக்காத எஃகினால் ஆன அந்த நாணயம் பொதுப் புழக்கத்துக்கு வந்தது என்பதால், கடைக்காரர் தரும் சில்லறையில்கூடக் கிடைக்க வாய்ப்புண்டு. பெரிய கடைவீதிகளில் நாணய வியாபாரிகள் வைத்திருக்கும் குவியலிலும் தேடிப் பாருங்கள். அதே நிகழ்வுக்காக நூறு ரூபாய் மதிப்பிலும் ஒரு நாணயம் வந்தது. அது புழக்கத்துக்கு வராமல் சேகரிப்பாளர்களுக்காக மட்டுமே விற்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. முதலாவது கையில் வந்த பிறகு இரண்டாவதைப் பற்றி யோசிக்கலாம்.

நாணயம் கிடைத்ததும் ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள். சிறு வைரக்குறி இருந்தால் மும்பை நாணயச்சாலை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா. குறி ஏதும் இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே நாணயத்தை வெவ்வேறு குறிகளோடு தேடத் தொடங்குவதுதான் சேகரிப்பவரின் கண்ணைப் பழக்கும் முதல் பயிற்சி என்பது என் அனுபவம்.

கூடவே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாணயத்தின் கதையை அதில் எழுதுங்கள். நம் விமானப்படையின் முதல் படைப்பிரிவு 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் டிரிக் ரோட்டில், நான்கு வாபிட்டி விமானங்களோடு தொடங்கியது. இரண்டு அடுக்கு இறக்கைகளும் துணி போர்த்திய உடலும் கொண்ட விமானங்கள் அவை. அங்கிருந்து, தாங்கள் மாடியில் நின்று பார்க்கும் சுகோய்-30 எம்.கே.ஐ. வரை வந்திருக்கிறோம். தஞ்சாவூர் விமானப்படைத் தளம் 2013 மே 27 அன்று செயல்பாட்டுக்கு வந்தது. பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்கவல்ல சுகோய்களோடு 222ஆம் படைப்பிரிவான டைகர்ஷார்க்ஸ் அங்கே நிலைகொண்டது 2020 ஜனவரி 20 அன்று. இவை எல்லாம் தங்கள் குறிப்பேட்டில் அந்த இரண்டு ரூபாய் நாணயத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டியவை. வெறும் நாணயத்தை எவரும் வாங்கிவிடலாம். எழுதிய ஏடோ சேகரிப்பவருக்கு மட்டுமே உரியது.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர், ஸ்பிட்ஃபயர் என்ற போர் விமானம் பொறித்த தங்க நாணயம் ஒன்றை என் பணி ஓய்வுக்குப் பரிசாகத் தந்தார். பளபளப்பாக இருக்கிறது. '100 மில்ஸ், .999 தங்கம்' என்று விளிம்போரத்தில் எழுதியுள்ளது. நாட்டின் பெயரோ தொகையோ இல்லை. இதன் மதிப்பை எப்படி அறிவது?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி

பதில்: ஐயா, தாங்கள் எழுதியிருப்பதைக் கொண்டு பார்த்தால் அது நாணயம் அன்று; பதக்கத்தைப் போல அச்சடித்த வெறும் உலோக வில்லை. நாணயம் என்பதற்கு மூன்று அடையாளங்கள் வேண்டும்: வெளியிட்ட அரசின் பெயர், முகமதிப்பு (நாணயத்தின் மேல் பொறித்த தொகை), அதை வெளியிட அனுமதிக்கும் சட்டம். இந்தியாவில் அந்தச் சட்டம் 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம். அதற்கு முன்பு 1906ஆம் ஆண்டின் சட்டம் இருந்தது. தனியார் நிறுவனங்கள் விமானப் படம் போட்டு அச்சடிக்கும் வில்லைகளுக்கு இந்த மூன்றும் கிடையா. அவற்றைச் சேர்ப்பதில் தவறில்லை, வேலைப்பாடு அழகாகவும் இருக்கலாம். ஆனால் நாணயம் என்று எண்ணி விலை கொடுத்துவிடக் கூடாது.

'100 மில்ஸ்' என்ற சொல்லே இங்கே எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கது. அது மேலே ஏற்றிய முலாத்தைப் பற்றிய சொல்லே தவிர, தங்கத்தின் எடையைப் பற்றியதன்று. '.999' என்பதும் அந்த மெல்லிய முலாத்தின் தூய்மையையே குறிக்கும்; உள்ளே இருப்பது பெரும்பாலும் செம்போ பித்தளையோ ஆகும். முலாம் பூசிய வில்லையில் உள்ள தங்கத்தைப் பிரித்தெடுக்கும் செலவு அந்தத் தங்கத்தின் விலையைவிட அதிகமாகிவிடும்.

சந்தேகம் தீர வேண்டுமென்றால், உரைகல்லில் தேய்த்து வில்லையைக் காயப்படுத்த வேண்டாம். நீரில் நிறுத்துப் பாருங்கள். நகைக்கடைகளில் உள்ள மின்தராசு போதும். முதலில் வில்லையை உலர்ந்த நிலையில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மீது நீர் நிரம்பிய கண்ணாடிக் குவளையை வைத்துத் தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, வில்லையை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியையும் பக்கங்களையும் தொடாமல் நீருக்குள் முழுவதுமாகத் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண், வில்லை இடம்பெயர்த்த நீரின் எடை. முதல் எடையை இரண்டாவதால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி கிடைத்துவிடும். 31.1 கிராம் எடையுள்ள ஒரு வில்லை சொக்கத் தங்கமாக இருந்தால் சுமார் 1.6 கிராம் நீரையே விலக்கும். ஸ்டெர்லிங் வெள்ளி சுமார் 3 கிராம். செம்பு ஏறக்குறைய 3.5 கிராம். தங்கத்துக்கும் செம்புக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி இருக்கும்போது முலாத்தால் மறைக்க ஒன்றுமில்லை. தங்களுக்கு அன்போடு தரப்பட்ட பரிசு அது. அதன் மதிப்பு தராசில் இல்லை என்பதையும், உறவினரிடம் இந்தச் சோதனையைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை என்பதையும் தாங்களே அறிவீர்கள்.

ஸ்பிட்ஃபயர் பொறித்த உண்மையான நாணயம் வேண்டுமென்றால், பிரிட்டனின் அரச நாணயச்சாலை 2018இல் வெளியிட்ட இரண்டு பவுண்டு நாணயம் இருக்கிறது. அரச விமானப்படை 1918 ஏப்ரல் 1 அன்று தோன்றி நூறாண்டு நிறைந்ததையொட்டி ஐந்து வடிவங்கள் வந்தன: படையின் சின்னம், ஸ்பிட்ஃபயர், வல்கன் என்ற குண்டுவீச்சு விமானம், சீ கிங் ஹெலிகாப்டர், எஃப்-35 போர் விமானம். நடுவில் வெள்ளை நிறமும் ஓரத்தில் மஞ்சள் நிறமும் கொண்ட ஈருலோக நாணயம், குறுக்களவு 28.4 மில்லிமீட்டர், எடை 12 கிராம். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் போலியை எளிதில் விலக்கலாம்.

கேள்வி: மார்ஷல் தீவுகள் என்ற நாட்டின் 1991ஆம் ஆண்டுப் பத்து டாலர் பித்தளை நாணயம் என்னிடம் உள்ளது. இரண்டாம் உலகப் போர் விமானம் பொறித்தது. வங்கியில் கொடுத்தால் பத்து டாலருக்கு ரூபாய் தருவார்களா?
– பாத்திரக் கடை உரிமையாளர், கும்பகோணம்

பதில்: தரமாட்டார்கள். மார்ஷல் தீவுகளில் அன்றாடம் புழங்குவது அமெரிக்க டாலர்தான். 1991இல் வந்த அந்த விமான வரிசை, அஞ்சல் வழியாகச் சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காக அச்சிடப்பட்டது. பித்தளையில் பத்து டாலர், வெள்ளியில் ஐம்பது டாலர் என்று இரு வகைகள் உண்டு. முகமதிப்பு பத்து டாலர் என்றாலும் பித்தளையின் விலை என்ன என்று கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பொருளில்லாத நாணயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தத் தீவுகளே அந்தப் போரின் களம். குவாஜலின், எனிவெடொக் ஆகிய பவளத் தீவுகளை 1944இல் அமெரிக்கப் படைகள் ஜப்பானியரிடமிருந்து கைப்பற்றின. நியுவே, குக் தீவுகள், துவாலு போன்ற சிறு நாடுகளின் பெயரிலும் இத்தகைய நாணயங்கள் வருகின்றன. அவற்றை வாங்கும்போது, உள்ளே இருக்கும் உலோகத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் மட்டுமே விலை கொடுங்கள்.

கேள்வி: வல்கன் என்ற விமானத்துக்கு 'டெல்டா இறக்கை' என்று ஒரு நாணயக் குறிப்பில் படித்தேன். நாம் காவிரி டெல்டா என்கிறோமே, இரண்டும் ஒன்றா?
– எட்டாம் வகுப்பு மாணவி, பாபநாசம்

பதில்: ஒன்றுதான் அம்மா. கிரேக்க எழுத்துகளில் நான்காவது எழுத்தின் பெயர் டெல்டா. அதன் பெரிய வடிவம் முக்கோணம். கல்லணைக்கு மேலே பிரியும் காவிரியும் கொள்ளிடமும் கடலை நோக்கி விரிந்து செல்லும் நம் நிலத்துக்கு அந்தப் பெயர் வந்ததும், பின்னோக்கி விரியும் முக்கோண இறக்கைக்கு வந்ததும் அதே வடிவத்தால்தான். வல்கன் 1952 ஆகஸ்ட் 30 அன்று முதன்முதலாகப் பறந்தது. பிரிட்டனின் 2018ஆம் ஆண்டு நாணயத்தில் அந்த இறக்கையை உருப்பெருக்கியில் பார். அதன் பிறகு ஸ்பிட்ஃபயரின் இறக்கையைப் பார். அது முட்டை வடிவில் வளைந்திருக்கும். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால், நாணயத்தில் பெயர் தேய்ந்துபோனாலும் விமானத்தை நீ கண்டுகொள்வாய்.

கேள்வி: கடற்கரைக்கு அருகில் வீடு. என் வெள்ளி நாணயங்கள் கறுத்துவிட்டன. மற்றவற்றில் பச்சையாக ஏதோ படிகிறது. வெள்ளிக் குத்துவிளக்கைத் திருநீறு போட்டுத் தேய்ப்பதைப் போல இவற்றையும் தேய்க்கலாமா?
– குடும்பத் தலைவி, நாகப்பட்டினம்

பதில்: அருள்கூர்ந்து தேய்க்காதீர்கள். இதை நான் வலியோடு எழுதுகிறேன். கனடாவின் நாணயச்சாலை 1990 முதல் 1999 வரை, ஆண்டுக்கு இரண்டாக, அந்நாட்டு விமானங்கள் பொறித்த இருபது டாலர் வெள்ளி நாணயங்கள் இருபதை வெளியிட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு விமானமும், அதனோடு தொடர்புடைய ஒருவரின் முகம் தங்கம் பூசிய சிறு நீள்வட்டத்துக்குள்ளும் இருக்கும். அவற்றுள் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் பொறித்தது எனக்கு முதலில் கிடைத்தது. கறுப்பைக் கண்டு பொறுக்காமல், எங்கள் வீட்டுப் பூசைப் பாத்திரத்தைத் துலக்குவதைப் போலத் திருநீற்றைக் குழைத்துத் தேய்த்தேன். வெள்ளி வெளுத்தது, கண்ணாடியைப் போன்ற பின்புலம் முழுவதும் நுண்கீறல் விழுந்தது, தங்கப் பூச்சும் மூக்கின் மேட்டில் போய்விட்டது. மெருகு நாணயங்களை, அச்சைத் தனியே தீட்டி, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடித்து உருவாக்குகிறார்கள். அந்தப் பரப்பை ஒருமுறை இழந்தால் உலகில் எந்தப் பட்டறையும் திருப்பித் தராது.

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். ரப்பர் வளையம், கம்பளி, செய்தித்தாள், மட்டமான அட்டைப்பெட்டி ஆகியவை கந்தகத்தை வெளியிடுவதால், நாணயத்தை அவற்றின் பக்கத்தில் வைக்கக் கூடாது. சீரான கறுப்பு படிந்த பழைய வெள்ளியைச் சேகரிப்பாளர்கள் குறையாகக் கருதுவதில்லை, அப்படியே விட்டுவிடுங்கள்.

பச்சைப் படிவம் இரண்டு வகைப்படும். விரலில் பிசுபிசுப்பாக ஒட்டினால் அது தாங்கள் நாணயத்தைப் போட்டு வைத்திருக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறையின் வேலை. பி.வி.சி. உறை நாள்பட்டுச் சிதையும்போது அமிலம் கசிந்து செம்பைத் தாக்குகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் பக்கத்து ஈரக்காற்று அதைத் துரிதப்படுத்துகிறது. அத்தகைய உறைகளை இன்றே அகற்றிவிட்டு மைலார் அல்லது பாலிப்ரொப்பிலின் உறைகளுக்கு மாற்றுங்கள். பிசுபிசுப்பைத் தூய அசிட்டோனில் சில நிமிடம் ஊற வைத்து, தேய்க்காமல் எடுத்து உலர்த்தினால் போய்விடும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் மணமும் எண்ணெயும் கலந்திருக்கும், அது உதவாது. அடுப்புக்கு அருகில் இதைச் செய்ய வேண்டாம், அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். விமானத்துக்கு வண்ணம் தீட்டிய நாணயங்களை ஒருபோதும் அசிட்டோனில் போடாதீர்கள். ஆஸ்திரேலிய விமானப்படையின் நூற்றாண்டுக்காக 2021இல் வந்த ஒரு டாலர் நாணயங்கள் அத்தகையவை, வண்ணம் கரைந்துவிடும்.

கெட்டியாகப் பொரிந்து நிற்கும் பச்சை என்றால் அது களிம்பு. அதைச் சுரண்டக் கூடாது. அந்த நாணயத்தை மட்டும் மற்றவற்றிலிருந்து பிரித்து உலர்ந்த பெட்டியில் வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு, அவை நிறம் மாறியதும் வெயிலில் அல்லாமல் மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் போடலாம். மர அலமாரி வேண்டாம். மரமும் அமில ஆவியை வெளியிடும். நாணயத்தைத் தொடும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

கேள்வி: என்னிடமுள்ள விமானப்படை இரண்டு ரூபாய் நாணயத்துக்குப் பல இலட்சம் தருவதாகக் கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தது. பதிவுக் கட்டணம் முதலில் கட்ட வேண்டுமாம். ரிசர்வ் வங்கியின் முத்திரையும் இருக்கிறது.
– ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்கி விற்பதில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்றும், அதற்காக எவரிடமும் கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021இல் வெளிப்படையாகவே எச்சரித்தது. புழக்கத்துக்கு வந்த நாணயத்துக்கு இலட்சங்கள் கிடைப்பதில்லை. வாங்குபவர் தங்களுக்குப் பணம் தர வேண்டுமே தவிர, தாங்கள் அவருக்குத் தருவது எந்தச் சந்தையிலும் வழக்கமில்லை.

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது. போர் விமானம் பொறித்த நாணயங்களைக் கேட்கிறான். போரைப் போற்றும் பொருளைப் பிள்ளையின் கையில் கொடுக்கிறோமே என்று எனக்குத் தயக்கம்.
– ஒரு தாய், திருவாரூர்

பதில்: தங்கள் தயக்கத்தை நான் மதிக்கிறேன். குண்டு வீசிய விமானத்தின் கீழே ஊர்களும் மனிதர்களும் இருந்தார்கள். அதை மறைத்துவிட்டு அழகிய உலோகத்தை மட்டும் காட்டினால் பிள்ளைக்குப் பாதியே சொன்னவர்களாவோம். ஆயினும் எந்த நாணயத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அவன் கேட்கும் கேள்விகள் மாறும் என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

முதலாவதாக ஓர் அமெரிக்க நாணயத்தைப் பரிந்துரைக்கிறேன். 2021இல் புழக்கத்துக்கே விடப்பட்ட கால் டாலர் அது. ஐம்பத்தாறு நாணயங்கள் கொண்ட வரிசையின் கடைசி நாணயம். அலபாமாவில் டஸ்கிகி என்ற ஊரில் பயிற்சி பெற்ற கறுப்பின விமானிகளைப் பற்றியது. ஒரு விமானி புறப்படுவதற்காகத் தம் உடைகளைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். பின்னால் மோட்டன் ஃபீல்ட் தளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம். மேலே இரண்டு மஸ்டாங் விமானங்கள். 'அவர்கள் இரண்டு போர்களைப் புரிந்தார்கள்' என்ற பொருள்படும் வாசகம் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. ஒன்று, இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் பாசிசத்தை எதிர்த்தது. மற்றொன்று, தம் தோலின் நிறத்தைக் காட்டித் தம்மை ஒதுக்கி வைத்த சொந்த நாட்டின் பாகுபாட்டை எதிர்த்தது. அன்றைய அமெரிக்கப் படையில் வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனிப் பிரிவுகளிலேயே வைக்கப்பட்டிருந்தனர். 24.3 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சில்லறைக் காசில் இத்தனையும் அடங்கியிருப்பதை நான் முதன்முதலில் உருப்பெருக்கியில் பார்த்தபோது, நெடுநேரம் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. விமானம் மேலே சிறியதாகவும் மனிதர் முன்னே பெரியவராகவும் நிற்பதைத் தங்கள் மகனே கவனித்துச் சொல்லக்கூடும். சொல்லாவிட்டால் தாங்கள் கேளுங்கள்.

இரண்டாவதாக, பிரிட்டனின் 2018 வரிசையில் உள்ள சீ கிங். அங்கே விமானப்படையின் மஞ்சள் நிறச் சீ கிங் ஹெலிகாப்டர்கள் கடலிலும் மலையிலும் சிக்கியவர்களைத் தேடி மீட்கும் பணியில் பல்லாண்டுகள் இருந்தன. புயலும் வெள்ளமும் வரும்போது வானத்தைப் பார்த்து உதவிக்காகக் காத்திருந்த அனுபவம் நம் பகுதியில் எத்தனையோ வீடுகளுக்கு உண்டு என்பதால், படைக்குரிய ஊர்தி ஒன்று உயிர் காக்கவும் பறக்கும் என்பதைப் பிள்ளைக்கு விளக்குவது தங்களுக்கு எளிதாகவே இருக்கும்.

மூன்றாவது நாணயத்தில் விமானம் இல்லை. எனினும் அதையும் அவன் பெட்டியில் சேர்க்கச் சொல்வேன். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010 என்று பொறித்து இந்திய அரசு வெளியிட்ட ஐந்து ரூபாய் நாணயம் அது. அதே நிகழ்வுக்காக ஆயிரம் ரூபாய் மதிப்பிலும் வெள்ளி நாணயம் உண்டு. ஐந்து ரூபாய் போதும். இராசராசனும் படை நடத்தியவன், கோயிலும் கட்டியவன். அவன் வெளியிட்ட காசுகளில் புலியும் மீனும் வில்லும் சேர்ந்து நிற்பதே அவன் வென்ற நாடுகளின் அடையாளம்தான். வெற்றியைக் காசில் பொறிக்கும் வழக்கம் நம் மண்ணிலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்று தங்கள் மகன் அறிந்துகொண்டால், அயல்நாட்டு விமான நாணயத்தைப் பார்க்கும்போதும் 'இதைப் பொறிக்கச் சொன்னவர் யார், எதற்காகச் சொன்னார்' என்று அவனாகவே கேட்பான்.

மூன்றையும் வாங்கியபின் அவன் என்ன கேட்டான் என்பதை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். எனக்கு விடை தெரிந்த கேள்வியாக இருந்தால் அடுத்த இதழிலேயே எழுதுகிறேன்.